தக்ஷினி வரைந்த சத்தங்கள்

மொன்றியல் நகரத்து வில்லரேயில் விமலநாதன் வீட்டில் கடுகு சத்தமில்லாமல் வெடிக்கத் தொடங்கியது ஒரு மார்ச் மாதத்தில், பனி உருகி வெளிப்படிக்கட்டு வழுக்கிக்கொண்டிருந்த கிழமையில். கடுகு வழக்கம்போலத் துள்ளியது, எண்ணெய் தெறித்தது, கறிவேப்பிலை சுருண்டது. சத்தம் மட்டும் வரவில்லை. யோகராணி தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, சட்டியை இறக்கிவைத்துவிட்டு வைத்தியரிடம் போனாள். காது இரண்டும் இளம்பெண்ணின் காதுபோல இருக்கின்றன என்று அவர் பிரெஞ்சில் சொன்னதை, கூடப்போன இளைய மகள் வினோஜா தமிழில் சொன்னாள். திரும்பி வந்து மறுபடி தாளித்தால் அதே கதைதான். அப்போது முன்னறையில் மூத்த மகள் தக்ஷினியின் மேசையிலிருந்து சடசடவென்று கடுகு வெடிக்கும் சத்தம் வந்தது. போய்ப் பார்த்தால் அங்கே அடுப்பும் இல்லை, சட்டியும் இல்லை, ஒரு தாள்தான் கிடந்தது. தாளில் ஒரு பெண் தாளித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சட்டிக்கு மேலே, அந்தச் சத்தத்துக்குரிய எழுத்துகள் எண்ணெய்த் துளிகள் மாதிரியே நாலாபக்கமும் தெறித்துக் கிடந்தன. யோகராணி தாளைக் கவிழ்த்தாள், சத்தம் நின்றது. நிமிர்த்தினாள், வந்தது. அன்றைக்குக் கத்தரிக்காய்க் குழம்பு.

தக்ஷினி கணக்கியல் படித்து, நல்ல கந்தோர் ஒன்றில் வேலையும் பார்த்து, ஒரு நாள் அதை விட்டுவிட்டு மங்கா வரைய உட்கார்ந்தவள். யப்பான்காரரின் படக்கதை அது. வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்க வேண்டும். அதில் மழைக்கும் ஓட்டத்துக்கும் கதவு சாத்துவதற்கும் உள்ள சத்தங்களை அச்செழுத்தில் போடுவதில்லை, படத்தோடு படமாகக் கையால் வரைவார்கள். தக்ஷினி அவற்றைத் தமிழில் வரைந்தாள். கதையைப் பிரெஞ்சில்தான் வெளியிடுவார்கள் என்றாலும் சத்தத்தைத் தமிழில்தான் போடுவேன் என்று நின்றாள். பிரெஞ்சில் கடுகு வெடிக்காது என்பது அவளுடைய முடிவு. எழுத்து சரியாக வராதவரை ஒன்றும் நடக்காது. எத்தனை தாள் கிழித்தாலும் கடுகு கடுகின் பாட்டில் வெடிக்கும். எழுத்து அச்சொட்டாக வந்து விழுந்த நிமிடத்தில், அந்தச் சத்தம் உலகத்தை விட்டுத் தாளுக்குள் போய்விடும். உலகம் முழுவதையும் விட்டு அல்ல, தக்ஷினி எந்தக் கூரைக்குக் கீழே நிற்கிறாளோ அந்தக் கூரைக்குக் கீழே மட்டும். அதனால் அவள் நன்றாக வரைந்தாளா என்று அந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. எது கேட்கவில்லை என்று பார்த்தால் போதும்.

முதலில் போனவை போனது நல்லதுதான். தகப்பன் விமலநாதனின் குறட்டை ஒரு புலி வரும் பக்கத்துக்குப் போனது. யோகராணிக்குக் கலியாணம் கட்டிய நாளிலிருந்து கிடைக்காத நித்திரை கிடைத்தது. மரத்தரையில் காலடிச் சத்தம் போனபோது கீழ்வீட்டு மடாம் மேலே ஏறி வந்து தான் சுட்ட அப்பிள் பை ஒன்றைக் கொடுத்து, மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டுப் போனாள். பிறகு குக்கர் விசில் போனது. யோகராணி ஒரு தரம் பருப்பை அடிப்பிடிக்க விட்டாள், அதன் பிறகு குக்கருக்கு முன்னால் நின்று ஆவியைப் பார்த்து விசிலைக் கணக்குவைக்கப் பழகிக்கொண்டாள். மெட்ரோ புறப்படும்போது எழும்பும் அந்த மூன்று சுரமும் போனது, தக்ஷினி ஏறும் பெட்டியில் மட்டும். புகை அலாரம் போனபோதுதான் பிரச்சினை. வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் வந்து பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்க, அது திரும்பி வரத்தான் வேண்டும் என்று யோகராணி மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். தக்ஷினி மூலத்தாளை எடுத்து அந்தச் சத்தத்தின் மேல் வெள்ளை மையைப் பூசினாள். அலாரம் திரும்பி வந்தது. தாள் ஊமையாகிவிட்டது. எப்படி மீட்பது என்பது இப்படித்தான் தெரியவந்தது. ஆனால் பூசிய சத்தம் மறுபடி வரைய வராது என்பதும் அதோடு தெரியவந்தது. அவளும் விடாமல் முயன்றுதான் பார்த்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வருடங்களில் அவள் சந்தோசமாகத்தான் இருந்தாள். காலையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்தால் தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடக்கும், மத்தியானச் சோறு காயும். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, மைக்கோடு இழுபடும் திசையில் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். மணிக்கட்டு வீங்கிப் பட்டி கட்டினாள். கண்ணாடி தடித்தது. ஆரூரன் என்றொரு நல்ல பெடியன் அவளை விரும்பினான். அவளுக்கும் விருப்பம்தான். ஆனால் தொலைபேசி மணியையும் கதவு மணியையும் அவள் ஏற்கெனவே வரைந்துவிட்டிருந்தாள். அவன் ஒரு வருடம் அடித்துப் பார்த்துவிட்டு, லாசாலில் வேறு கலியாணம் கட்டினான். அவள் அழுதாள். அழுகைச் சத்தத்தை வரையவில்லை, அது தனக்குத் தேவைப்படும் என்றாள்.

அவளுடைய கதை, தவிலைத் தோளில் சுமந்துகொண்டு மெட்ரோவில் திரியும் ஒரு பெண்பிள்ளையைப் பற்றியது. கதை முடியும் இடத்தில் ஒரு கலியாணம் வருகிறது, தாலி கட்டும் நேரத்தில் அவள் கெட்டிமேளம் அடிக்க வேண்டும். எங்கள் ஆட்களின் கலியாணத்தில் தாலி ஏறும் கணத்தில் ஐயர் விரலைத் தூக்குவார், மேளகாரர் இருக்கிற பலத்தையெல்லாம் போட்டு அடிப்பார்கள். தும்மலோ விம்மலோ தவறி வாயில் வந்த கெட்ட சொல்லோ அந்த நேரத்தில் ஒருவர் காதிலும் விழக்கூடாது. அந்த ஒரு பக்கத்துக்காகத் தக்ஷினி ஒரு முழுக் குளிர்காலம் இருந்தாள். எழுத்து ஒவ்வொன்றும் மற்றதை இடித்துக்கொண்டு படச் சட்டத்தையும் உடைத்துக்கொண்டு தாள் விளிம்பு வரை ஓடியது. முடித்த அன்று யன்னல் கண்ணாடி அதிர்ந்து, யோகராணி குங்குமச் சிமிழைத் தவறவிட்டாள். அப்போது வினோஜா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் கலியாணம் ஒன்று வரும் என்று யாரும் யோசிக்கவில்லை.

புத்தகம் வந்தது. வாசகசாலையில் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை விரித்துவைத்துவிட்டு ஓடி ஒளிந்தார்கள். வகுப்பில் மேசைக்குக் கீழே கெட்டிமேளம் கேட்டு, ஆசிரியை புத்தகத்தைப் பறித்து, இடைவேளையில் தானும் திறந்துபார்த்தாள். விமலநாதன் தமிழ்ப் புத்தகம் படிக்கிற மாதிரி இடப்பக்கத்திலிருந்து படித்தார். அதில் கலியாணம் முதலில் நடந்தது, பிறகு மாப்பிள்ளையும் பொம்பிளையும் சண்டை பிடித்தார்கள், கடைசிப் பக்கத்தில் ஒருவருக்கொருவர் பெயர் கேட்டார்கள்.

"எங்கடை கலியாணத்தை அப்படியே கீறி வைச்சிருக்கிறாள்," என்று அவர் யோகராணியிடம் சொன்னார்.

"ஓம். பேர் கேட்டது மட்டும்தான் நீங்கள் செய்யேல்லை," என்றாள் அவள்.

பிறகு வினோஜாவுக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை றஜிந்தன், அவளோடு வேலைசெய்யும் பெடியன். தை மாதம் முகூர்த்தம், லாசாலில் மண்டபம். நாள் குறித்துவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் யோகராணிக்குக் கெட்டிமேளம் ஞாபகம் வந்தது. ஒரு சப்பாத்தோடு அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். தக்ஷினி மண்டபத்துக்குள் நின்றால் மேளம் கேட்காது. மேளம் கேட்க வேண்டுமென்றால் அந்தப் பக்கத்துக்கு வெள்ளை பூச வேண்டும்; பூசினால் அச்சான பிரதிகள் அத்தனையும் ஊமையாகிவிடும், அந்தச் சத்தம் இனி அவள் கைக்கு வராது.

"ஒரு பக்கம்தானே பிள்ளை. பூசிவிடன்," என்றாள் யோகராணி. "மேளமில்லாத கலியாணம் எண்டாலும் சனம் கதைக்கும், அக்காக்காரி இல்லாத கலியாணம் எண்டாலும் கதைக்கும்."

தக்ஷினி மேசைக்குப் போனாள். வெள்ளை மைப்போத்தலைத் திறந்து, தூரிகையைத் தோய்த்து, தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு இருந்தாள். தூரிகை நுனியில் மை காய்ந்தது. கழுவித் திரும்பவும் தோய்த்தாள், திரும்பவும் காய்ந்தது. கலியாணக் கிழமை வரை இது நடந்தது. கடைசியில் போத்தலை மூடிவைத்துவிட்டு, தான் வெளியே காருக்குள் இருப்பதாகவும் தாலி ஏறி முடிந்ததும் உள்ளே வருவதாகவும் தாயிடம் சொன்னாள். வினோஜாவுக்குச் சொல்லவில்லை.

கலியாணத்தன்று சரியான குளிர். கார்க்கண்ணாடியில் மூச்சு உறைந்தது. உள்ளே வினோஜா கூறை மாற்றி மணவறைக்கு வந்து, முன்வரிசையைப் பார்த்தாள், பின்வரிசையைப் பார்த்தாள். அக்கா எங்கே என்று தாயைக் கேட்டாள். யோகராணிக்குப் பொய் வராது. ஐயர், பின்கழுத்தில் பூட்டும் பொன் தாலிக்கொடியை எடுத்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டார். வினோஜா நிமிர்ந்தபடி இருந்தாள். அக்கா வராமல் தலை குனியமாட்டேன் என்று ஐயருக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னாள். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டில், வெளியூரிலிருந்து வந்த ஒரு மாமி, இதுவும் மொன்றியல் பழக்கமோ என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். விமலநாதன் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பனிக்குள் இறங்கிப் போய்க் கார்க்கண்ணாடியில் தட்டினார்.

"வா பிள்ளை. அவள் தலை குனியமாட்டாளாம்."

"நான் வந்தால் மேளம் கேளாதப்பா."

"கேளாட்டி என்ன? அவங்கள் அடிக்கிறது கண்ணுக்குத் தெரியும்தானே. வா, எனக்குக் கால் விறைக்குது."

அவள் வந்தாள். மூக்கு சிவந்து, சேலைக்கு மேலே பனிக்கோட்டோடு மணவறைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வினோஜா அவளைப் பார்த்தாள், பிறகு தலை குனிந்தாள். ஐயர் விரலைத் தூக்கினார். தவில்காரர் அரியரத்தினம் கழுத்து நரம்பு புடைக்க அடித்தார். நாதஸ்வரக்காரரின் கன்னம் இரண்டும் ஊதின. ஒரு சத்தமும் வரவில்லை. மண்டபம் நிறைந்த சனத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தாய்மார் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள். பெரியப்பா முறையான நடராசா தும்மல் வந்து மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த அமைதிக்குள், மேளம் பிறந்த நாளிலிருந்து யாரும் கேட்டிராததை எல்லோரும் கேட்டார்கள். கொடி கூறைச்சேலையில் உரசியது கேட்டது. பூட்டு ஒரு தரம் வழுக்கியது கேட்டது.

"ஆறுதலாப் பூட்டும். தலைமயிர் இழுபடுது."

"கொஞ்சம் பொறும். கை நடுங்குது."

"எனக்கும்தான்."

பிறகு பூட்டு விழுந்தது. மிகச் சின்னச் சத்தம், நகம் கண்ணாடியில் பட்ட மாதிரி. அது கடைசி வரிசைவரை போனது. அதற்குப் பிறகு பூவும் அரிசியும் பட்டில் விழும் சத்தம், யோகராணி மூக்கை உறிஞ்சும் சத்தம், அதைக் கேட்டு மாப்பிள்ளையின் தாயும் உறிஞ்சும் சத்தம். அரியரத்தினம் கையை எடுத்தார். நடராசா தும்மினார், தாலி ஏறி முடிந்துவிட்டதால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

கூடாத சகுனம் என்று சிலர் ஒரு வருடம் கதைத்தார்கள். அந்த வருடம் முடிய வினோஜாவுக்குப் பெண்குழந்தை பிறந்தது, கதைத்தவர்கள் பிள்ளைக்குச் சட்டை வாங்கிக்கொண்டு வந்தார்கள். இதற்கிடையில் இல்-பிசார் தீவிலிருந்து கஜந்தினி என்றொரு பெண் பஸ் மாறி மாறி வந்து, வெளிப்படியில் ஏறி, தன் கலியாணத்துக்குத் தக்ஷினி அக்கா கட்டாயம் வர வேண்டும், வந்து மணவறைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டாள். அவளுக்குப் பிறகு இன்னொருத்தி. இப்போது மொன்றியலில் தாலிகட்டுக்கு ஐயரையும் மேளத்தையும் பேசும்போதே தக்ஷினியையும் பேசுகிறார்கள். மேளகாரருக்குக் குறைவொன்றுமில்லை, முழுப் பலத்தோடுதான் அடிக்கிறார்கள். சத்தமில்லாமல் அடிப்பதற்குத்தான் கைப்பழக்கம் கூட வேணும் என்று அரியரத்தினம் இளம் ஆட்களுக்குச் சொல்கிறார். கெட்டிமேளம் கேட்க ஆசைப்படுகிறவர்கள் புத்தகத்தை விரித்துக் கேட்டுக்கொள்கிறார்கள்.

தக்ஷினியின் இரண்டாவது கதையிலும் ஒரு கலியாணம் வருகிறது. கொடியைப் பூட்டும் அந்தச் சட்டத்தில், பெண்ணின் பின்கழுத்துக்குப் பக்கத்தில் எழுத்துக்கு இடம் விட்டு, எழுத்தே போடாமல் வெறும் வெள்ளையாக விட்டிருக்கிறாள். பதிப்பகத்துப் பெண் எழுத்து ஏதோ விடுபட்டுவிட்டதென்று நினைத்து அந்தத் தாளைத் திருப்பி அனுப்பினாள். தக்ஷினியால் அந்தச் சத்தத்தை வரைய முடியாமல் இல்லை. விரலைக் காற்றில் அசைத்தாலே எழுத்து எந்தப் பக்கம் சாயும் என்று தெரிகிறது, தன் வாழ்நாளிலேயே நல்ல எழுத்தாக அதுதான் வரும் என்றும் தெரிகிறது. தாளை இருந்தபடியே திருப்பி அனுப்பினாள். சனிக்கிழமைகளில் மணிக்கட்டுப் பட்டியைக் கழற்றிவிட்டு, சேலை கட்டி, கலியாணத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறாள். பலகாரப் பையோடு அவள் படியேறும்போது யோகராணி குக்கருக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள். மகள் உள்ளே வந்ததும் விசில் நின்றுவிடும். யோகராணி ஆவியைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்வாள்.