முன்வரிசையில் வந்த மீசை

சூலூரில் சசிதர் கட்டவிருந்த வாடகைக் குடியிருப்புக்கு முதலீட்டாளர்களைச் சேர்க்க, இரண்டு நிமிட அனிமேஷன் வீடியோ ஒன்றை மானசா மூன்று வாரமாக வரைந்திருந்தாள். அன்று காலை பதினொரு மணிக்கு அவிநாசி ரோட்டு ஓட்டல் ஹாலில் அதைப் போட்டுக் காட்ட வேண்டும். லேப்டாப்பை புரொஜெக்டரில் மாட்டிவிட்டு நிமிர்ந்தவளுக்குத் திக்கென்றது.

அவள் வீடியோவில் வரைந்த மனிதர் வாசல் வழியாக நடந்து வந்துகொண்டிருந்தார்.

அதே வழுக்கை, அதே புதர் மீசை, சட்டைப் பையில் அதே இரண்டு பேனா. பெரியநாயக்கன்பாளையம் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த யாரோ ஒருவரை, முகம் நன்றாக இருக்கிறதே என்று கிறுக்கி வைத்திருந்தாள். அந்த யாரோ முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"யாருங்க அவரு?" என்று பக்கத்தில் நின்ற சசிதரைக் கேட்டாள்.

"சென்னகிருஷ்ணன் அய்யாங்க. போன வருசம் மில்லை வித்துப்போட்டாரு. அவரு சரின்னா மத்தவங்களும் வந்துருவாங்க," என்றான் சசிதர். "ஏனுங்க, மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். சசிதர் பாதி முடி கொட்டிய தலையில் கை வைத்தான். "அய்யோ! இதுல அந்தாளு காசைப் பீரோவுல பூட்டிப்போட்டுத் திருதிருன்னு முழிக்கறாருங்களே!"

"மீசைய மட்டும் எடுத்துடறேன். இருவது நிமிசம் குடுங்க."

"பத்து நிமிசந்தானுங்க இருக்குது!"

மீசையை அழித்து, வீடியோவைப் புதிதாக உருவாக்கும்படி லேப்டாப்பில் கட்டளை கொடுத்தாள். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு பாதிகூட நகரவில்லை, அதற்குள் ஹால் விளக்கை அணைத்துவிட்டார்கள். பழையதையே போட வேண்டியதாயிற்று.

திரையில் வழுக்கை மனிதர் பீரோவை நான்கு தடவை இழுத்துப் பார்த்தார். படுத்தார், எழுந்தார், மறுபடி இழுத்துப் பார்த்தார். யாரோ சிரித்தார்கள். பிறகு வரிசை வரிசையாகச் சிரித்து, முன்னால் எட்டிப் பார்த்தார்கள். மானசா சென்னகிருஷ்ணனின் பின்மண்டையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவே இல்லை. திரையில் குடியிருப்பு எழும்பியதும் வாடகை வந்ததும் அந்த வழுக்கை மனிதர் நிம்மதியாகக் குறட்டை விட்டதும் அவள் மனதில் பதியவில்லை.

விளக்கு வந்ததும் சென்னகிருஷ்ணன் நேராக அவளிடம் வந்தார்.

"அம்மணி, அது நானுங்களா?"

"ஆமாங்க. பேக்கரியில பாத்தேன். யாருன்னு தெரியாம வரைஞ்சுபோட்டேன். தப்புதானுங்க."

"எனக்குத் தூக்கம் வராதுன்னு எப்பிடித் தெரிஞ்சுதுங்க?"

"அது கதைக்காக வெச்சதுங்க."

அவர் சட்டைப் பையில் பேனாக்களைச் சரிசெய்துகொண்டார். "முப்பது வருசம் மெசின் சத்தத்துலயே தூங்குனவன். இப்ப ஊட்டுல ஒரு சத்தமுமில்லாம கம்முனு கெடக்குது. பூட்டெல்லாம் காரணமில்லீங்க." சசிதர் பக்கம் திரும்பினார். "உங்க திட்டம் நல்லாத்தான் இருக்குதுங்க தம்பி. எனக்கு வேண்டாம். கூட வந்தவங்களக் கேளுங்க."

கூட வந்தவர்களில் இரண்டு பேர் அன்றே கையெழுத்துப் போட்டார்கள். மாலையில் சசிதர் போன் செய்தான். "முகத்தை மட்டும் மாத்திக் குடுத்துருங்க."

மானசா யாரையும் நினைக்காமல் வரைய உட்கார்ந்தாள். எந்த முகம் வந்தாலும், இது எந்த ஊரில் யாருடைய முகமோ என்று பயந்து அழித்தாள். கடைசியில் சசிதரையே போனில் கூப்பிட்டாள்.

"உங்களையே வரையட்டுங்களா?"

சசிதர் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "தலைமுடிய மட்டும் கொஞ்சம் சேத்துப் போடுங்க."