ஏசி ரிப்பேர் செலவும் கட்டுரையில் விட்டுப்போன காரணமும்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையிலிருந்து உதிர்ந்த மிச்சம். நானே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம். ஒரு பத்திரிகை என்னிடம் ‘ஏசி ரிப்பேருக்கு ஏன் இவ்வளவு செலவாகிறது’ என்று எழுதித் தரச் சொன்னது. ஏசியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ரிமோட் எந்தத் தலையணைக்கு அடியில் இருக்கும் என்பது மட்டும்தான். அதனால் எங்கள் பகுதியில் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவரைப் பிடித்தேன். ஆள் குள்ளம். ஆனால் தொழிலில் எல்லோரும் அவரை நெட்டை என்றுதான் கூப்பிடுகிறார்கள். கயிற்றைக் கட்டிக்கொண்டு நாலாவது மாடிச் சுவரில் தொங்குகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

நெட்டை காரணங்களை மளமளவென்று அடுக்கினார். வெளிப்பெட்டி பால்கனியில் இருந்தால் ஒரு கூலி; கால் வைக்க இடமில்லாத சுவரில் இருந்தால் கயிறு, துணைக்கு ஓர் ஆள், உயிர்ப்பயம் எல்லாவற்றுக்கும் சேர்த்து வேறு கூலி. வெயில் காலத்தில் ஆளே கிடைக்காது. பழைய மிஷின் என்றால் உதிரி பாகத்துக்கு நாயாய் அலைய வேண்டும். கடல் பக்கத்து வீடு என்றால் உப்புக் காற்று செம்பையே தின்றுவிடும். போதாக்குறைக்கு, முன்னால் வந்தவன் செய்துவிட்டுப் போன அரைகுறை வேலையை அவிழ்க்கவே பாதி நாள் போய்விடும்.

“அவ்வளவுதானா?” என்றேன்.

“இன்னொண்ணு இருக்கு சார். அதை நீங்க எழுத மாட்டீங்க. உள்ளே யாரு இருக்காங்கன்றதும் ஒரு காரணம்.”

எழுதவில்லைதான். [இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.] இப்போது எழுதுகிறேன்.

2

ஆரம்பங்கள்:

வெயில் சுட்டெரித்துக்கொண்டிருந்தது. (ஏசி கதை என்றால் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். அடித்துவிட்டேன்.)

அந்தக் கட்டிலில் படுத்திருந்தவனுக்குக் கழுத்துக்குக் கீழே (வேண்டாம். இது பரிதாபத்தைக் காட்டி வாசகரின் சட்டையைப் பிடித்து இழுக்கிற வேலை. தவிரவும், அவன் பரிதாபத்துக்கு அசருகிற ஆள் இல்லை.)

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. (இது நெட்டையின் வாக்கியம். திருடிக்கொள்கிறேன்.)

3

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறையில் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. திரும்பி வந்து மறுபடி அள்ளுகிறது. இத்தனை வருஷம் அதன் கீழே இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியவனுக்கு இது தெரியாது. நெட்டை சொல்லக் கேட்டபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். சுவர் முழுக்கப் பெட்டிகள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய சூட்டை வாங்கித் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தது.

நம் உடம்பும் இதையேதான் வியர்வையால் செய்கிறது. அந்தக் கடைசிக் காரணத்துக்கு நெட்டை சொன்ன வீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் இருக்கிறார்கள். (பெயர் எதற்கு? உறவே போதும்.) ஒரு விபத்துக்குப் பிறகு தம்பிக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை, வியர்ப்பதும் இல்லை. அறை சூடானால் கூடவே அவனும் சூடாகிக்கொண்டு போவான். அந்த வீட்டில் ஏசி வசதிக்காக மாட்டியது இல்லை. அதுதான் அவனுடைய வியர்வை.

அந்த வியர்வை ஒருநாள் காலையில் நின்றுவிட்டது.

4

நான் நெட்டையின் முதுகுக்குப் பின்னால்தான் நிற்க முடியும். கதையை எனக்குச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

கதவைத் திறந்த அக்காவின் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. “வாங்கண்ணா, செருப்போடவே வாங்க” என்று சொல்லிவிட்டு அவள் கட்டிலுக்கு ஓடினாள். பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன், ஒரு வாளித் தண்ணீர், நாலைந்து துண்டுகள். ஒன்றை நனைத்துத் தம்பியின் மார்பில் விரிப்பாள். ஃபேன் காற்றில் அது காய்வதற்குள் அடுத்ததைப் பிழிந்திருப்பாள். காலையிலிருந்து இதுதான். மிஷின் நின்ற இடத்திலிருந்து அவள் ஓட ஆரம்பித்திருக்கிறாள்.

“ரொம்பப் பதறாதக்கா. பாத்தா ரேட்டை ஏத்திடுவாரு” என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல்.

“தம்பி, உங்க வாய்க்கே தனியா ஒரு ஏசி மாட்டணும்” என்றார் நெட்டை.

முதலில் சுவரில் தொங்கி வெளிப்பெட்டியைப் பார்த்தார். புதுசு போலிருந்தது. உள்ளே வந்து மூடியைக் கழற்றினார். கேஸ் ஓடுகிற குழாய்ச் சுருளை இவர்கள் காயில் என்கிறார்கள். அதில் காற்றை அழுத்தி ஏற்றி, மேலே சோப்பு நுரை தடவினார். ஓட்டை இருந்தால் அங்கே கொப்பளிக்கும். ஓரிடத்தில் கொப்பளித்தது. சரி, அடைத்துவிடலாம். பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் கீழே, மேலே, ஓரத்தில். சோறு கொதிக்கிற மாதிரி காயில் முழுக்கக் கொதித்தது.

உப்புக் காற்று என்றால் முதலில் வெளிப்பெட்டியைத்தான் தின்றிருக்கும். இது உள்ளிருந்தே வந்த வினை. தகடெல்லாம் வெளுத்து, தொட்டால் உதிர்ந்தது. லேசாக எலுமிச்சை வாசனை.

அக்கா வாளித் தண்ணீரை மாற்றப் போயிருந்தாள்.

“தம்பி, இதுக்குள்ளே ஏதாவது அடிச்சுக் கழுவுவீங்களா?”

தம்பி வாசலைப் பார்த்துக்கொண்டான். “வாராவாரம். பாத்ரூம் ஆசிட், தண்ணி கலந்து. ஒரு தடவை எனக்கு நெஞ்சுல சளி கட்டி ஆஸ்பத்திரியில கிடந்தேன். ஏசி தூசியாலதான்னு நர்ஸ் சொல்லிட்டாங்க. அதுலேர்ந்து அக்கா ஸ்டூல் போட்டு ஏறிடுவா.”

“அதுதான் தின்னுருக்கு.”

“உங்க மூஞ்சியைப் பாத்தப்பவே தெரிஞ்சுது. அவகிட்ட சொல்லிடாதீங்கண்ணா.”

“சொல்லலேன்னா புதுசையும் கழுவுவாங்களே!”

தம்பி கொஞ்சம் யோசித்தான். “அப்ப நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஏதோ வீடியோ பாத்துட்டு நான்தான் அடிக்கச் சொன்னேன்னு.”

“அது பொய்தானே?”

“பொய்தான். என்னால அவளுக்கு வேற என்ன செஞ்சிட முடியும்?”

5

இந்த இடத்தில் எனக்குத் தம்பி மேல் சந்தேகம் வந்தது. நிஜத்தில் இவ்வளவு நல்லவர்கள் உண்டா? கதைக்காக நானே மெருகேற்றிவிட்டேனா? நெட்டையிடமே கேட்டேன்.

“நல்லவனா? ரிமோட்டை யாராவது தொட்டா வீடு ரெண்டாயிடும் சார்” என்றார். நிம்மதியாக இருந்தது.

இன்னொரு பயத்தையும் போக்கிவிடுகிறேன். தம்பி பிழைத்துக்கொண்டான். சாயங்காலத்துக்குள் நெட்டை எங்கெங்கோ அலைந்து புதுக் காயிலோடு வந்து மாட்டினார். அவன் உயிரை வைத்து உங்களை மிரட்ட எனக்கு மனமில்லை.

செலவா? ஆனது, நன்றாகவே ஆனது. “மத்த வீடா இருந்தா ஓட்டையை அடைச்சு, கேஸ் ஏத்தி, ஓடற வரைக்கும் ஓடட்டும்னு வந்துடுவேன். கம்மியா முடிஞ்சிருக்கும். இந்த வீட்டுல அது பாதியில நின்னா என்ன ஆகறது? ஒட்டுப்போடற வேலையே இங்க கிடையாது.” கயிற்றுக் கூலியையும் விடாமல் வாங்கிக்கொண்டார். தொங்கினது தொங்கினதுதானே!

6

முடிவுகள்:

(அ) “உப்புக் காத்தாலதான்மா” என்றார் நெட்டை. அடுத்த வாரம் அக்கா ஸ்டூலைப் போட்டு ஏறுகிறாள், கையில் ஆசிட். இந்த முடிவைக் கிழித்துப் போட்டேன்.

(ஆ) “நீங்க கழுவினதாலதான்மா” என்றார் நெட்டை. துண்டைப் பிழிந்துகொண்டிருந்த அவள் கை

(அந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை. நாலு தடவை உட்கார்ந்து பார்த்தேன்.)

(இ) தம்பியின் பொய். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆசிட்டைக் கடையில் கேட்டு வாங்கியவள் அவள், அளவு பார்த்துக் கலந்தவள் அவள். தம்பி பொய் சொல்கிறான் என்று தெரிந்த அடுத்த நொடி, ஏன் சொல்கிறான் என்பதும் தெரிந்துவிடும்.

நிஜத்தில் என்ன நடந்தது என்று நெட்டை சொல்ல வந்தார். நான் கையைக் காட்டித் தடுத்துவிட்டேன். தெரிந்துவிட்டால் அதையே எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவேன். தம்பிக்காக ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கைகளை ஒரு வாக்கியத்தால் நிறுத்தவோ காப்பாற்றவோ எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அண்ணாந்து பார்க்கத்தான் முடிகிறது.

அதனால் நெட்டை இறங்கிக்கொள்கிறார். அவர் இடத்தில் நீங்கள் ஸ்டூலில் ஏறி நில்லுங்கள். உங்கள் விரல்களில் சோப்பு நுரை. அக்கா வாளியோடு உள்ளே வருகிறாள்.

“எதனாலண்ணா ஓட்டை விழுந்துச்சு?”

தம்பி வாயைத் திறக்கப் போகிறான். அவனை முந்திக்கொள்வதும் விட்டுவிடுவதும் உங்கள் இஷ்டம். நிதானமாக யோசியுங்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அவன் மார்பிலிருக்கும் துண்டு காய்ந்துகொண்டிருக்கிறது. அடுத்ததைப் பிழிந்தபடியே அவள் உங்கள் முகத்தைப் பார்க்கிறாள்.