என் வீட்டுக்காரரை லோனில் எடுத்தவர்கள்

என் வீட்டுக்காரர் நாசர் கால்பந்து ஆடுகிறவர். ஆடினவர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். எங்கள் சம்பந்தம் பேச வந்த அன்று, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று எங்கள் வீட்டில் கேட்டதற்கு, "கொல்கத்தாவுல பெரிய கம்பெனி" என்று என் மாமியார் அமீனா பீவி சொன்னார்கள். பொய்யில்லை. பதினோரு பேர் அரைக்கால் சட்டையோடு ஓடுகிற கம்பெனி.

ஒரு கிளப் அவரை வாங்கும். அடுத்த வருஷம் அங்கே இளவட்டம் ஒருவன் வந்து சேருவான். ஒரு டீம் தன் ஆட்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்று லீக்கில் ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் இரண்டு பேரும் அடங்க மாட்டார்கள். இவர் பெரிய சம்பளக்காரர் என்பதால் இவரைத்தான் கோவாவுக்கோ கேரளாவுக்கோ லோனில், அதாவது ஒரு சீசனுக்கு இரவலாக, அனுப்புவார்கள். பாதிச் சம்பளம் இவர்கள் தருவார்கள், மீதிப் பாதி அவர்கள். பேர் பெரிசு என்பதால் எல்லாரும் கேட்டார்கள். சம்பளம் பெரிசு என்பதால் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு தடவை பெட்டியைக் கட்டும்போதும், "அடுத்த வருஷம் வீட்டுலதான் நஜியா" என்பார். நானும் "இன்ஷா அல்லாஹ்" என்பேன். எங்கள் மகள் சனாவுக்கு இப்போது பதின்மூன்று வயது. போன வருஷம்வரை அப்பன் ஆடுவதை டிவியில் பார்த்திருந்தாளே தவிர, நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

போன வருஷம் முட்டி வீங்கி ஒரேயடியாக ஊருக்கு வந்து சேர்ந்தார். கடலூர் முதுநகரில் நான் வேலை பார்க்கிற மெடிக்கலுக்குப் பக்கத்திலேயே வீடு. வந்த புதிதில் வீட்டில் ஓர் ஆண் செருப்பு கிடப்பதே எனக்கு அதிசயமாக இருந்தது. ஆனால் ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? "ஒரே ஒரு சீசன். நம்ம ஊர் சட்டையில ஆடிட்டு நிறுத்திக்கிறேன். சனா பாக்கட்டும்" என்றார். கேட்டபோது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்து ஊர்கள் சேர்ந்து ஆடுகிற நடுநாடு லீக்கில் முதுநகருக்கு ஒரு டீம் உண்டு. இறால் ஏற்றுமதி செய்கிற லியாக்கத் அலி ஹாஜியார்தான் முதலாளி. மேனேஜர் என் அண்ணன் சைபுல்லா. நாசர் வந்தால் கூட்டம் வரும், விளம்பரம் வரும் என்று ஹாஜியாருக்கு ஆசை. ஆனால் இந்த லீக்கிலும் அதே சம்பள வரம்பு. இவர் சும்மாவே ஆடுகிறேன் என்றார். அதற்கும் லீக்கில் விடவில்லை. பெரிய லீக்கில் ஆடியவருக்குக் குறைந்தது இவ்வளவு என்று கணக்கில் காட்டியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் மேசைக்கு அடியில் கொடுப்பார்கள் என்று விதி. ஹாஜியாருக்குக் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. "நான் பாத்துக்கறேன் மச்சான்" என்று சைபுல்லா அண்ணன்தான் சொன்னது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அண்ணன் பேப்பர்களோடு வீட்டுக்கு வந்தது. சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு, அங்கே இங்கே என்று விரல் வைத்துக் காட்டியது. இவர் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைக்கூடப் படிக்காமல் கொடுக்காதவள் நான். "ஒரு தடவ படிச்சுப் பாருங்களேன்" என்றேன். அவர் என்னை முறைத்தார். அண்ணன் போனபிறகு, "மச்சான் நீட்டுற பேப்பர அவரு கண் முன்னாடியே படிச்சுப் பாத்தா, அவரு மொகம் என்னாவும்? ஒங்க வூட்டு மரியாதைதான் அது" என்றார். எங்கள் பக்கத்தில் பெண் கொடுத்து எடுத்தவர்களுக்கு நடுவில் வாய் வார்த்தைதான் பத்திரம். அதனால் எத்தனை குடும்பம் கோர்ட்டுக்குப் போயிருக்கிறது என்பது வேறு கதை.

நெல்லிக்குப்பத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் முதுநகர் சட்டையில் ஆடினார். இரண்டிலும் கோல் போட்டார். பரீட்சை நேரம் என்பதால் சனாவால் போக முடியவில்லை. கடலூரிலேயே மேட்ச் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம்.

அதற்குள் சிதம்பரம் டீமில் முன்னால் நின்று ஆடுகிறவனுக்குக் கணுக்கால் முறிந்தது. அடுத்த வாரமே இவர் விடியற்காலை பஸ் பிடித்துச் சிதம்பரத்துக்குப் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தார். என்ன ஏது என்று கேட்டால், "கிளப் மாறியிருக்கு. விடு நஜியா, ஒரு மணி நேர பஸ்ஸுதான" என்றார். கோவாவுக்குப் போனபோதுகூட இவ்வளவு முகம் செத்துப் போனதில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "காசு ஜாஸ்தி குடுத்தானுவ, போயிட்டாரு" என்றார்கள். மீன் கொண்டு வருகிற ஆரோக்கியம்மாள் கூடையை இறக்கும் முன்பே, "என்னம்மா, ஒன் வூட்டுக்காரரு கட்சி மாறிட்டாராமே?" என்றாள். அன்றைக்கு நான் மீனே வாங்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுச் சிதம்பரத்துக்குப் போனேன். அந்த டீமின் தலைவர் கலியமூர்த்திக்கு மேல வீதிப் பக்கத்தில் அரிசி மண்டி. நல்ல மனுஷன், என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. "ஊர்ல நிம்மதியா இருந்த மனுஷர எதுக்கு இழுத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "எம்மா, நாங்க இழுக்கல. அவரு மொதல்லேருந்தே எங்க ஆளு. எங்க டீமுக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்காரு. நாங்கதான் முதுநகருக்கு லோன் குடுத்தோம். லோன்ல வந்தா அவுங்க கணக்குல பாதிதான ஏறும்? ஒங்க அண்ணன் வந்து கேட்டாரு, செஞ்சு குடுத்தோம். இப்ப எங்களுக்கு ஆள் இல்ல, திருப்பிக் கூப்பிட்டுக்கிட்டோம். பேப்பர்ல அப்படித்தான் இருக்கு."

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தப் பாதிக் கணக்கையே போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். நேரே அண்ணனிடம் போனேன். அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மீதியையும் சொன்னது. சிதம்பரம் கொடுக்க வேண்டிய மறுபாதியையும் ஹாஜியாரே மறைமுகமாகக் கொடுத்திருக்கிறார். "பேப்பருக்குத்தான் லோன்னு நெனச்சேன். திருப்பிக் கூப்புடுவாங்கன்னு யாரு கண்டா? வெளியில தெரிஞ்சா பாயிண்ட்டெல்லாம் கழிச்சிடுவாங்க, டீமே கீழ எறங்கிடும். அல்லாவுக்காக வாயத் தொறக்காத நஜியா."

"அவருக்குத் தெரியுமா?"

"திருப்பிக் கூப்புட்டப்ப சொன்னேன். சரின்னாரு."

அந்தச் சரியில் எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். கூடப் பிறந்தவன் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டால் என்ன செய்வது?

சீசனின் கடைசி மேட்ச், மஞ்சக்குப்பம் மைதானத்தில் முதுநகருக்கும் சிதம்பரத்துக்கும். சனா தலைகீழாக நின்று கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அவர் சிதம்பரம் சட்டையில் இறங்கியதுமே கூச்சல் ஆரம்பித்தது. துரோகி என்றார்கள். பந்து அவர் காலுக்குப் போகும்போதெல்லாம் ஊளையிட்டார்கள். யாரோ தண்ணீர் பாக்கெட்டை வீசினார்கள், அது அவர் முதுகில் பட்டு உடைந்தது. எனக்குத் தெரிந்த முகங்கள்தான் எல்லாம். என் கடையில் சர்க்கரை மாத்திரையைக் கடனுக்கு வாங்கிப் போகிறவர்கள். முதுநகர் கேப்டன் இளவரசு கோல் கம்பத்திலிருந்து ஓடிவந்து கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டான். அவனையும் திட்டினார்கள். இவர் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. மாடு செக்கைச் சுற்றுவதுபோல் தலையைக் குனிந்து ஓடிக்கொண்டிருந்தார்.

சனா என் முந்தானையைப் பிடித்தாள். "உம்மா, அத்தா காசுக்காகத்தான் போனாங்களா?"

மற்றவர்கள் கேட்டதை நான் தாங்கிக்கொண்டேன். அவள் கேட்டதைத் தாங்க முடியவில்லை. எழுந்தேன். முன் வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்த ஹாஜியாருக்கு நேரே போய் நின்றேன்.

"சொல்லுங்க ஹாஜியாரே! இவரு காசுக்குப் போனாரா? நீங்க கணக்க மறைக்கறதுக்கு இவரச் சிதம்பரத்துல எழுதி வச்சீங்களா இல்லியா? அவுங்க பங்குச் சம்பளத்தயும் நீங்கதான குடுத்தீங்க? இவருகிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா?"

மாத்திரை கேட்டு வருகிற காது மந்தக்காரர்களிடம் பேசிப் பழகிய குரல். பாதி மைதானத்துக்குக் கேட்டிருக்கும். ஹாஜியார் சால்வையைச் சரிசெய்தார். அண்ணன் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றது. கூச்சல் மெல்ல அடங்கியது. இவர் அடுத்த தடவை பந்தைத் தொட்டபோது ஒருத்தர் கைதட்டினார், அப்புறம் நாலு பேர் தட்டினார்கள். சனாவும் எழுந்து நின்று தட்டினாள். ஒன்றுக்கு ஒன்று, டிரா. ஆட்டோவில் வீடு திரும்பும்போது வருஷக்கணக்காக இருந்த பாரத்தை இறக்கிய மாதிரி இருந்தது. இவர் மட்டும் ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். களைப்பு என்று நினைத்தேன்.

நான் கத்தியதை யாரோ செல்ஃபோனில் பிடித்திருக்கிறார்கள். நெல்லிக்குப்பம் டீம் அதை லீக்குக்கு அனுப்பிப் புகார் கொடுத்தது. விசாரித்தார்கள். முதுநகருக்குப் பாயிண்ட்டெல்லாம் கழிந்து டீம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. அது எதிர்பார்த்ததுதான். உத்தரவில் இன்னொன்றும் இருந்தது. பொய்யான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ஆட்டக்காரர் நாசர் இரண்டு சீசனுக்கு எங்கேயும் ஆடக்கூடாது. படித்துப் பார்க்கவில்லை என்று இவர் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. முப்பத்தேழு வயது மனுஷன் படிக்காமல் கையெழுத்துப் போடுவார் என்று எந்த ஊரில் நம்புவார்கள்?

உத்தரவு வந்த அன்று மத்தியானம் நான் கடையிலிருந்து சாப்பிட வந்தபோதுதான் அவர் செல்ஃபோனில் அதைக் காட்டினார். சனா ஸ்கூலில் இருந்தாள். நான் தட்டு வைக்க மறந்து நின்றேன்.

"நான் கத்தினதாலதான?" என்றேன்.

"ஒன் மேல கோவம் இல்ல."

"கோவப்படுங்களேன். மனசுலேயே வச்சுக்கிட்டுக் கொல்லாதீங்க."

அவர் காலை நீட்டி முட்டியைத் தடவினார். "கலியமூர்த்திகிட்ட பேசி முடிச்சிருந்தேன் நஜியா. இந்த சீசன் முடியற வரைக்கும் பிரச்ன பண்ணாம ஆடிக் குடுத்தா, அடுத்த சீசன் சுத்தமா விட்டுடறேன்னாரு. இங்க இளவரசும் நிறுத்திக்கறான். அவன் சம்பளம் கழிஞ்சா அந்த வரம்புக்குள்ள நான் அடங்குவேன். லோன் கீன் எதுவும் இல்லாம, நம்ம ஊருக்கு ஒரு சீசன் ஆடியிருக்கலாம். அதுக்குத்தான் அன்னிக்கி அவ்வளவு பேரு திட்டியும் கம்முனு இருந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"எத்தன வருசமா சொல்லி ஏமாத்தியிருக்கேன். இது மட்டும் கைக்கு வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

மகள் முன்னால் அவர் மானத்தைக் காப்பாற்றிய நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அவர் ஒருநாளும் கேட்காத ஒன்றை ஊர் கேட்கப் பேசி, அவர் கேட்ட ஒரே ஒன்றைக் கெடுத்துவிட்டேனே என்று அழுகை வந்தது. நான் அழுது முடிக்கிறவரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பிறகு குனிந்து முட்டியில் போட்டிருந்த பட்டையைக் கழற்றினார். அந்த வாரம்தான் கடையிலிருந்து நான் எடுத்து வந்து கொடுத்தது, நல்ல விலை. நாலாக மடித்து, அதன் அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து உள்ளே வைத்து என்னிடம் நீட்டினார்.

"இத ஒங்க கடையில திருப்பி எடுத்துப்பாங்களா?"

உடம்பில் பட்ட பொருளை எந்த மெடிக்கலிலும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

"எடுத்துப்பாங்க" என்றேன்.