ஒரு பாராட்டு, ஒரு குறை, ஒரு திருத்தம்

ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் பேருந்தில் நவீன்குமார் தன் நகைச்சுவையை உதட்டுக்குள் உருட்டிக்கொண்டே வந்தான். ஆலங்காயத்தில் உரக்கடை வைத்திருப்பவன். மாதத்தில் ஒரு ஞாயிறன்று மலைமேல் கூடும் ஸ்டாண்ட்-அப் குழுவில் ஆளுக்கு ஐந்து நிமிடம் மேடை கிடைக்கும், அதன்பின் விமர்சனம். அவன் சேர்ந்த நாள் தொட்டு ஒருவரும் அவனுக்குச் சிரித்ததில்லை.

இம்முறை அவன் மனைவி ஆனந்தியும் உடன் வந்தாள்.

"நீ இன்னாத்துக்கு வர்றே? போரடிக்கும்."

"ஒருத்தராவது சிரிக்கணுமில்லீங்க" என்றாள் அவள்.

கொண்டையூசி வளைவொன்றில் சிறிய சிவன் கோயில் கடந்து சென்றது. ஆனந்தி கைகூப்பினாள், வாய் திறக்கவில்லை. கோபுரம் கண்ட மாத்திரத்தில் பதிகம் தானே எழுந்து வந்த நா அது. இளமையில் ஓதுவாரிடம் பண்முறையாகப் பயின்றவள். இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு வானொலி நிலையத்தில், பதிகம் பாடுவோர்க்கான குரல்தேர்வுக்குச் சென்று வந்தாள். தேறியவர்களைத் தொலைபேசியில் அழைப்போம் என்றனர். அப்போது அவளுக்கெனத் தனித் தொலைபேசி இல்லை; கணவனின் எண்ணையே கொடுத்திருந்தாள். அழைப்பு வரவில்லை. இறைவன் திருமுன் எழத் தகாத குரல் தன்னுடையது என்று தனக்குத் தானே தீர்ப்புரைத்துக்கொண்டாள். அன்று மூடிய வாய் பூசையறையிலும் திறக்கவில்லை.

ஏரிக்கரை விடுதியின் தகரக்கூரைச் சாப்பாட்டுக் கூடமே அரங்கம். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. குழுவை நடத்தும் கோகுல்ராஜ், சென்னை மேடைகளில் பழகிய இளைஞன், புதியவர்களுக்காக விதியைச் சொன்னான்.

"யாரு வேணா விமர்சனம் பண்ணலாம். ஒரு பாராட்டு, ஒரு குறை, ஒரு திருத்தம். அது முடியுற வரைக்கும் மேடையில நிக்கிறவங்க வாய தொறக்கக் கூடாது."

முதலில் ஏறியவர் படவேட்டுக் கரும்பு விவசாயி ராஜாக்கண்ணு. "என் மாப்ள காரு வாங்கிக்கினாரு. ரிவர்ஸ் எடுக்கணும்னாரு. நானு பின்னாடி நின்னுக்கினு, வா, வா, வான்னேன். வந்துட்டாரு" என்று கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் காட்டினார். கூடம் சிரித்தது.

"குறை இன்னான்னா, நொண்டிக்கினே மேடை ஏறுனீங்க. அப்பவே ஜோக்கு தெரிஞ்சுபோச்சு" என்றான் கோகுல்ராஜ்.

"பின்ன பறந்தா வருவாங்க?"

"வாய தொறக்கக் கூடாதுங்க."

அடுத்து நவீன்குமார். சென்ற மாதம் அவனுக்குக் கோகுல்ராஜிடம் கிடைத்த திருத்தம் ஒன்றே: "எல்லாம் இட்டுக்கட்டுனது மாதிரி இருக்குதுண்ணா. நடந்ததச் சொல்லுங்க. யாருகிட்டயும் சொல்லாததச் சொல்லுங்க." அதை அவன் பொருட்படுத்தவில்லை. யூரியா மூட்டையைப் பற்றிய மூன்று துணுக்குகளைச் சொன்னான். ஆனந்தி ஒருத்தியின் சிரிப்பு மட்டும் கூடத்தில் ஒலித்தது. பலர் திரும்பி அவளைப் பார்த்தனர். நேரம் முடிந்தால் எரியும் சிவப்பு விளக்கு இன்னும் எரியவில்லை.

"சரி, நடந்த கதை ஒண்ணு சொல்றேன். என் வூட்டுக்காரி நல்லா பாடுவா. எவ்ளோ நல்லான்னா, ரேடியோ ஆடிஷன்ல பாஸ் பண்ணிட்டா. அது அவளுக்கே தெரியாது."

கூடம் சிரித்தது. ஆனந்தியும் சிரித்தாள், சிரிக்கத்தானே வந்திருந்தாள்.

"போன் எனக்குத்தான் வந்துச்சு. யோசிச்சேன். இவ பாடப் போய்ட்டா எனக்கு இன்னா பேரு? பாட்டுக்காரி புருஷன். உரம் வாங்க வர்றவன், 'அண்ணியப் பாடச் சொல்லு, அப்பதான் துட்டு'ன்னுவான். அந்த நம்பர 'கேஸ் கம்பெனி'ன்னு சேவ் பண்ணிட்டேன். அவங்க வுடல, கூப்பிட்டுக்கினே இருந்தாங்க. போன எடுத்துக்கினு யாரு ஓடியாருவா தெரியுமா? இவளேதான். 'இன்னாங்க, கேஸ் கம்பெனிங்க.' நானு வாங்கி, 'சிலிண்டர் இன்னும் காலியாவல சார்'னுட்டு வெச்சுருவேன்."

தகரக்கூரை அதிர்ந்தது. ராஜாக்கண்ணு தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்த ஒலியை நவீன்குமார் தன் வாழ்நாளில் தனக்கென்று கேட்டதில்லை. முகம் மலர்ந்து நின்றான்.

ஆனந்தியின் உதட்டில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அதை எடுக்க அவளுக்குத் தெரியவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்து, அடுக்களையிலிருந்து அந்தத் தொலைபேசியை ஏந்தி ஓடிய தன் கால்களை அவள் கண்டாள். தன்னைத் தேடி வந்த அழைப்பைத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். சொன்னதை ஆராயாது நம்பும் வெள்ளை மனமும் நகைக்கு ஒரு காரணம் என்பர் முன்னோர். அக்கூடம் சிரித்தது அதற்குத்தான்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"இதாண்ணா நான் கேட்டது" என்றான் கோகுல்ராஜ். "விமர்சனம் யாரு?"

ஆனந்தி எழுந்து மைக்கின் அருகே வந்தாள்.

"பாராட்டு. என் கொரல அப்படியே பேசுனீங்க."

சிரிப்பு எழுந்தது.

"குறை. பாதிக் கதைய வுட்டுட்டீங்க. போன் வரலன்னு நானு சோறு துன்னாம அழுதேன். நீங்க புரோட்டா வாங்கியாந்து வெச்சு, 'வுடு, அவனுங்களுக்குக் காது கேக்கல'ன்னீங்க. அதையும் சொல்லியிருந்தா இன்னும் சிரிச்சிருப்பாங்க."

ஓரிருவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினர். ராஜாக்கண்ணு முன்னே குனிந்தார். "தம்பி, இதுவும் ஜோக்குல சேர்த்தியா?"

"ஆனந்தி, நானு வந்து..."

"விதி இருக்குதுங்க" என்றாள் அவள். "இன்னும் திருத்தம் சொல்லல. போனக் குடுங்க."

அவன் கொடுத்தான். 'கேஸ்' என்று தேடியதும் இரண்டு பெயர்கள் வந்தன: கேஸ் ஏஜென்சி, கேஸ் கம்பெனி. ஒரே அடுப்புக்கு இரண்டு பெயர் எதற்கென்று அவள் ஒருநாளும் எண்ணியதில்லை. இரண்டாவதைத் தொட்டு, ஸ்பீக்கரில் இட்டாள். மணி ஒலித்தது. அது பொய்யாக இருக்கக்கூடாதா, எவரோ ஒரு சிலிண்டர்காரர் எடுக்கக்கூடாதா என்று கூடத்தில் அத்தனை பேரும் வேண்டிக்கொண்டது போலிருந்தது.

"வணக்கம், வானொலி நிலையம்" என்றது ஓர் ஆண்குரல்.

பின்வரிசையில் யாரோ, "ஐயோ" என்று மெல்லச் சொன்னார்கள்.

"சார், என் பேரு ஆனந்தி. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பதிகம் பாட ஆடிஷன் வந்தேன். பாஸாயிட்டேன்னு இப்பதான் தெரிஞ்சுது."

"ஞாயித்துக்கிழமைம்மா. நான் வாசல் டூட்டி. நாளைக்குக் காலையில கூப்பிடுங்க."

"அப்ப வராதவங்கள மறுபடி எடுத்துக்குவாங்களா சார்?"

"அது எனக்குத் தெரியாதும்மா. கேட்டுத்தான் பாக்கணும்."

"சரிங்க சார்."

அவள் அந்த எண்ணைத் தன் தொலைபேசிக்கு அனுப்பிக்கொண்டாள்; அவனுடையதை மைக்கின் அடியில் வைத்தாள். "திருத்தம் அவ்ளோதாங்க" என்று கோகுல்ராஜிடம் சொல்லிவிட்டு, வரிசைகளுக்கிடையே நடந்து தாழ்வாரத்துக்குச் சென்றாள். காலை மடக்கி வழிவிட்ட ராஜாக்கண்ணு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கோகுல்ராஜ் எட்டிச் சிவப்பு விளக்கை அணைத்தான். நடந்ததைச் சொல் என்றது தானே என்பது அவன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிறகு தாழ்ந்த குரலில், "விமர்சனம் முடிஞ்சுதுண்ணா. இப்ப நீங்க பேசலாம்" என்றான்.

நவீன்குமார் மைக்கைப் பிடித்தான். அவன் மூச்சு மட்டும் கூடமெங்கும் பெரிதாகக் கேட்டது.

வெளியே, மழைக்கு நடுவே, ஒரு குரல் எழுந்தது. பதிகத்தின் முதல் எழுத்திலேயே உடைந்து அடங்கியது. இருமும் ஒலி கேட்டது. சற்றுப் பொறுத்து, சுருதியைத் தாழ்த்திக்கொண்டு, அக்குரல் மீண்டும் தொடங்கியது.