டார்லா டாக்கெட், சனிக்கிழமை, இரண்டு மணி

பூட்ஸ் போட்ட எழுத்துகளின் காலம் முடிந்துவிட்டது, மனிதகுலம் இனி நிம்மதியாகப் படிக்கும் என்று வெய்லன் டாக்கெட் காலைச் சாப்பாட்டின்போது அறிவித்தான். டென்வரில் மூன்று வருடம் வடிவமைப்பு படித்தவன். அவர்கள் ஊர் இருக்கும் வயோமிங்கில் மதுக்கடைப் பலகை முதல் குதிரை, காளை வித்தை காட்டும் ரோடியோவின் சுவரொட்டி வரை தடித்த பாதம் ஊன்றி நிற்கும் அந்தப் பழைய மர அச்சு எழுத்துகள்மேல் அவனுக்கு அப்படியொரு கடுப்பு.

"பிரசங்கம் போதும்டா," என்றாள் அக்கா டார்லா. "வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னும் ஆறு பொண்ணுங்க பேர் குடுக்கலன்னா, பீப்பாயச் சுத்திக் குதிரை ஓட்டுற எங்க பந்தயத்தையே தூக்கிருவாங்க. கால் ஒடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு இப்பதான் குதிரை ஏறுறேன். ஓடுற வண்டில இருந்து படிக்கிற மாதிரி சுவரொட்டி போடு."

"என் சுவரொட்டில ஒரு எழுத்துகூட கத்தாதுக்கா."

கத்தவில்லைதான். பரந்த வெள்ளைத் தாள். நடுவே நூல்போல மெல்லிய எழுத்தில் அக்கா பெயர், கிழமை, நேரம், ரோடியோ மைதானம். குதிரைப் படம் அலங்காரம் என்று போயிற்று. 'பந்தயம்' என்ற சொல்லும் இரைச்சல் என்று போயிற்று.

மறுநாள் அதை ஒட்டிய தீவனக்கடைச் சுவரின் முன் இரண்டு பண்ணைக்காரர்கள் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்து நின்றார்கள். கலைக்கு ஊரில் இவ்வளவு மரியாதையா என்று வெய்லனுக்கே கண் கலங்கிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. டார்லா போய்த் திறந்தாள். தீவனக்கடை மெர்ல், உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சுட்ட கண்ணாடித் தட்டுடன், துக்க வீட்டு முகத்தோடு நின்றார். அவளைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் போனார்.

"அம்மாடி, நீ... இருக்கியா?"

"ஏன், எங்க போகணும் மெர்ல் அண்ணே?"

"வெறும் பேரு, கிழமை, நேரம், மைதானம்னு துக்க அறிவிப்பு மாதிரி போட்டிருந்துச்சே! மைதானத்துலயே அடக்கம்னு நினைச்சோம். அவ ஆசைப்பட்டிருப்பான்னு எல்லாரும் பேசிக்கிட்டோம். உன்கூட ஓட இருந்த பொண்ணுங்க துக்கத்துக்கு மரியாதைன்னு யாருமே பேர் குடுக்கல."

அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர், மூன்று தட்டுகள்.

டார்லா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லா கத்தாம சொல்லிருக்கடா."

வெள்ளிக்கு இரண்டே நாள். வெய்லன் ஒரு தட்டைத் தன் அறைக்கு எடுத்துப்போனான். கணினியில் இருப்பதிலேயே தடித்த பூட்ஸ் எழுத்தைத் தேடி 'பீப்பாய்ப் பந்தயம்' என்று தாள் முட்ட அடித்தான். மரம் தேய்ந்ததுபோல ஓரங்களைக் கொஞ்சம் சுரண்டினான். மூலைகளில் துப்பாக்கிக் குண்டு ஓட்டைகள் வைத்தான்.

கதவைச் சாத்திவிட்டு ஒரு குதிரை லாடம் சேர்த்தான். சற்றுத் தள்ளி நின்று பார்த்தான். இன்னொன்றும் சேர்த்தான்.