வயோலாவுக்கு விட்ட இடம்

ஆட்டோவின் பின்சீட்டில் செல்லோ வாத்தியம் பெட்டியோடு குறுக்கே மாட்டிக்கொண்டது. இராமையா இந்தப் பக்கம் இழுக்க, பைஸர் அந்தப் பக்கம் தள்ள, கறுப்புப் பெட்டி ஒருவழியாக வெளியே வந்து தோட்டத்து லயத்து வாசலில் நின்றது. ஆளுயரப் பெட்டி அல்லவா, சாவு வீட்டுக்கு வந்த சனம் விலகி வழிவிட்டது. "இன்னொரு பொட்டி யாருக்குங்க?" என்று ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டே விட்டார்.

இஸ்தோப்புத் திண்ணையில் ஜீவராஜின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வினோதா எட்டிப் பார்த்தாள். புருஷன் செத்த வீட்டுக்கு அவருடைய கூட்டாளிகள் வருவதைப் பார்த்து எந்தப் பெண்டாட்டியாவது பயப்படுவாளா? இவள் பயந்தாள். வாத்தியத்தோடு வந்திருக்கிறார்களே, வாசிக்காமல் போவார்களா?

விடியற்காலையில் அவருக்கு மூச்சு நின்றபோது அவள் மனதில் முதலில் வந்த சொல் 'அப்பாடா'. எட்டு மாதமாக அவர் மூச்சுக்கு இழுத்த இழுப்பைப் பார்த்தவர்கள் யாரும் அதைத் தப்பென்று சொல்ல மாட்டார்கள். இனி ஊர் சிரிப்பாய்ச் சிரிக்காமல் நல்லபடியாக அடக்கம் முடிந்தால் போதும் என்று இருந்தாள்.

ஜீவராஜுக்குத் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து ஸ்டோரில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் கோட்டை மாட்டிக்கொண்டு நுவரெலியா பஸ் ஏறிவிடுவார். முப்பத்துநாலு வருஷமாக நாலு பேர். முத்துலிங்கமும், ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கும் பைஸரும் வயலின், இராமையா செல்லோ, இவர் வயோலா. பள்ளிக்கூடத்தில் பழகிய வெள்ளைக்காரச் சங்கீதம். ஹோட்டலில் டூரிஸ்ட்டுகள் தேத்தண்ணி குடிக்கும் நேரத்துக்கு வாசிப்பார்கள். அதுபோக சர்ச்சுக் கல்யாணங்கள், கொழும்பில் இரண்டு கச்சேரி, ரேடியோவில் ஒரே ஒரு தடவை. அந்த ரேடியோ நாளன்று பார்த்து லயத்தில் கரண்ட் இல்லை.

வயோலா வயலினைவிடக் கொஞ்சம் பெரியது, சத்தமும் கொஞ்சம் கம்மல். தினமும் சாயங்காலம் தன் பங்கை மட்டும் வீட்டில் வாசித்துப் பழகுவார். அதில் மெட்டு என்று ஒன்று இருந்தால்தானே. ஒரே சுரத்தைப் பத்துத் தரம் இழுப்பார், நிறுத்துவார், வாய்க்குள் எண்ணுவார், மறுபடி இழுப்பார். லயத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். "ஏங்க வினோதா, இத்தன வருசமாப் பழகுறாரு, இன்னும் ஒரு பாட்டு வரலியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். வினோதா சிரித்து மழுப்புவாள். அவளுக்கும் அதே சந்தேகம்தான்.

ஒரு தடவை நாலு பேரும் வாசித்ததை ஃபோனில் போட்டுக் காட்டினார். வயலின் மட்டும் கீச்சென்று கேட்டது.

"இதுல நீங்க எங்க?" என்றாள்.

"உள்ள இருக்கேன்" என்றார்.

அதோடு சரி. ஹோட்டலுக்கு அவர் கூட்டிப்போனதும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை. அவர் படுத்த பிறகு மற்ற மூவரும் வேறு ஆள் வைக்காமல் வாசிப்பையே நிறுத்திவிட்டார்கள். நல்ல மனுஷர்கள், ஒன்றும் தெரியாதவரைச் சிநேகத்துக்காகச் சேர்த்து வைத்திருந்தார்கள் என்று அவளாகவே முடிவுகட்டிக்கொண்டாள். அந்த வெட்கத்தைத்தான் இத்தனை காலம் முந்தானைக்குள் முடிந்து வைத்திருந்தாள். அதை இன்றைக்கு ஊர் கூடியிருக்கும்போதா அவிழ்ப்பது?

இராமையா குனிந்து உள்ளே வந்தார். "தங்கச்சி, தூக்குறதுக்கு முன்ன ஒன்னு வாசிச்சுர்றோம்."

"மூனு பேராவா அண்ணே?"

"ஆமா. அவன் பங்க யாரும் எடுக்கல. அத அப்டியே விட்டுர்றோம்."

ஜீவராஜின் அக்கா வேலாயிக்குப் பொறுக்கவில்லை. "தப்பு மேளம் அடிச்சு அனுப்புறதுதான் நம்ம மொற. இந்தச் சத்தத்துக்கு லயமே சிரிச்சது போதாதா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வினோதாவும் வாயெடுத்தாள். இராமையாவின் கண் இரண்டும் அழுது வீங்கியிருந்தன. "சுருக்கா முடிச்சுருங்கண்ணே" என்றாள்.

தப்பை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்த செல்லசாமி அதை ஓரமாக வைத்தார். மூவரும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பைஸருக்கும் இராமையாவுக்கும் நடுவில் ஒரு ஆள் இடம் விட்டிருந்தது.

முத்துலிங்கம் வில்லை வைத்தார். மெதுவாகப் போகும் உருப்படி. வினோதா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தாள். இது அவளுக்குத் தெரியுமே. சோறு வடிக்கும்போதும் பிள்ளைக்குத் தலை பின்னும்போதும் கேட்டதுதான். வயலின் மேலே ஏறி ஒரு இடத்தில் நின்றது. அங்கேதான் அவர் அந்த ஒரே சுரத்தைப் பத்துத் தரம் இழுப்பார். செல்லோ கீழே போனது. அங்கே அவர் போய்க் கைகொடுத்து மேலே கொண்டுவருவார். அவர் நிறுத்தி எண்ணியதெல்லாம் இவர்களுக்கு வழிவிட்டு நின்றதா? அட மனுஷா, இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

வாசலில் நின்ற சனத்துக்கு மூன்று வாத்தியம் கேட்டது. அவளுக்கு நாலும் கேட்டது. முப்பது வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது மாதிரி இருந்தது. காலையில் வந்த நிம்மதி இதற்குக் கால் தூசு பெறாது.

திடீரென்று மூவரும் ஒன்றாக நிறுத்தினார்கள். முடிந்தது என்று செல்லசாமி தப்பை எடுத்தார். நாலு பேர் குனிந்து சவப்பெட்டியைத் தூக்கினார்கள். வேலாயி ஒப்பாரிக்குக் குரலெடுத்தாள்.

"எறக்குங்க" என்றாள் வினோதா. "இன்னும் முடியல."

"அதான் நிப்பாட்டிட்டாங்களே" என்றாள் வேலாயி.

"அவங்கதான் நிப்பாட்டுனாங்க. அவரு நிப்பாட்டல."

பெட்டி மறுபடியும் பெஞ்சுக்கு இறங்கியது. முத்துலிங்கம் வில்லைத் தந்திக்கு மேலே பிடித்தபடி, வழக்கம்போல வயோலாவின் இடத்தைப் பார்த்தார். பிறகு வினோதாவைப் பார்த்தார். மற்ற இருவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் நிறுத்திய பிறகு தனியாக இழுக்கும் அந்தக் கடைசிச் சுரத்தை அவர் எவ்வளவு நீட்டுவார் என்று அவளுக்குத் தெரியும். அது முடிந்ததும் தலையை ஆட்டினாள். மூன்று வில்லும் ஒன்றாக மடிக்கு இறங்கின.