கொளஞ்சியப்பனின் நாக்கு

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலின் பெருமை சூளையிலும் இல்லை, அச்சிலும் இல்லை; ஒரு மனிதரின் நாக்கில் இருந்தது. இதைச் சொன்னவர் அந்த நாக்கின் சொந்தக்காரர் கொளஞ்சியப்பன். பொம்மையும் ஜாடியும் செய்யும் தன் பட்டறைக்கு வரும் வெள்ளை மண்ணை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுவார். பில்லைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார் என்பது பொறாமைக்காரர்கள் பேச்சு.

கொரோனா இரண்டாம் அலையின்போது, பெண்ணாடத்துக் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தும்மிவிட்டார். அன்றைக்கே கொளஞ்சியப்பன் ஸ்டவ்வும் அரிசியுமாக மாடி அறைக்குக் குடியேறினார்.

“உப்ப மறந்துட்டீங்களே, எடுத்தாரட்டா?” படிக்கட்டிலிருந்து கேட்டாள் மனைவி அன்புக்கரசி.

“கீழ இருக்கிற எதையும் மேல அனுப்பாத. இங்க ஜாடியில இருக்குது.”

காய்ச்சல் வரவில்லை, இருமல் வரவில்லை. ஆனால் கஞ்சி கரிக்கவில்லை. ஒரு கரண்டி போட்டார், இன்னொன்றும் போட்டார். கஞ்சி கெட்டியானதே தவிர ருசி வரவில்லை. உடனே மச்சினன் சக்கரபாணிக்குப் போன் அடித்தார்.

“ருசி போனா லேசுல திரும்பாதாமே மாமா! ஸ்ரீமுஷ்ணத்துல ஒருத்தருக்கு எட்டு மாசமா காப்பியும் வெந்நீரும் ஒண்ணுதானாம்” என்று அவன் ஆறுதல் சொன்னான்.

கொளஞ்சியப்பனுக்குக் கண் கலங்கியது. “அரசி! நாக்கு போயிடுச்சு. இனிமே பட்டறையில மண்ண யாரு பாக்குறது?”

“பில்லப் பாத்துக்கலாங்க. மொதல்ல இத வாயில போடுங்க.” உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டை வாசல்படியில் வைத்தாள்.

போட்டார். சுரீரென்றது. உப்பு, புளிப்பு, கசப்பு மூன்றும் வரிசையாக வந்து ஆஜர் சொல்லின. கொளஞ்சியப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று ஆடினார். “இருக்குது! நாக்கு இருக்குது!”

“அப்ப கஞ்சிக்கு என்னா கேடு?” ரெண்டு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்த அன்புக்கரசி ஜாடியைத் திறந்து பார்த்தாள். “என்னாங்க இது?”

கொளஞ்சியப்பன் எட்டிப் பார்த்தார். உப்பு இல்லைதான். ஆனால் மீண்டு வந்த நாக்குக்கு இதைவிட நல்ல மேடை ஏது? ஒரு சிட்டிகை எடுத்து வைத்து, நிதானமாகக் கண்ணை மூடினார்.

“யாரோ வியாபாரி குடுத்துட்டுப் போன சாம்பிள் மண்ணு. கேரளா சரக்கு. மொதல் தரம்.”

ஜாடியில் இருந்தது, மார்கழிக் கோலத்துக்கு அன்புக்கரசி அரைத்து மிஞ்சிய பச்சரிசி மாவு.